தொட்டால் பதில் சொல்லும் தேசப்படம்

2020-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம். ஊரடங்கு நாட்கள். எங்கள் மாடி வீட்டு மாமி காலையில் எழுந்து, காப்பிக்கு டிகாக்ஷன் இறக்கி வைத்த கையோடு முதல் காரியமாக எதைப் பார்ப்பாள் தெரியுமா? பஞ்சாங்கத்தை அல்ல, பத்திரிகையையும் அல்ல. பேத்தி விட்டுப் போன கைக் கம்ப்யூட்டரில் ஒரு தேசப்படத்தை! கன்னங்கரேலென்று ஓர் உலகம். அதன் மேல் செக்கச் செவேலென்று சின்னதும் பெரியதுமாக வட்டங்கள். நம்மில் அநேகர் அந்த நாட்களில் அதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டவர்கள்தான்.

மாமியின் பிள்ளை அமெரிக்காவில், நியூ ஜெர்ஸியில், எடிசன் என்ற ஊரில் இருக்கிறான். மாமி அந்தப் படத்தை விரலால் தள்ளித் தள்ளி, இரண்டு சமுத்திரம் தாண்டி, தினமும் எடிசனுக்குப் போய்ச் சேர்ந்துவிடுவாள். அந்த ஊர் மிடில்செக்ஸ் என்ற கவுண்டியில் இருக்கிறது. கவுண்டி என்பது நம் ஊர் ஜில்லா மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கவுண்டிக்கென்று ஒரு சிவப்பு வட்டம் உண்டு. அதைத் தொட்டால் எத்தனை பேருக்கு நோய், எத்தனை பேர் போய்விட்டார்கள் என்று கணக்குச் சொல்லும்.

ஒரு நாள் காலை பத்து மணி இருக்கும். மாமி மாடிப்படியில் நின்றபடியே என்னைக் கூப்பிட்டாள். குரல் கம்மியிருந்தது.

"நேத்திக்கு வட்டம் எடிசனுக்குப் பக்கத்திலே இருந்துது. இன்னிக்கு ஊரையே மூடிடுத்துடி! அவன் இருக்கிற தெரு அதுக்குள்ளே போயிடுத்து. போன் பண்ணினா எடுக்கவே மாட்டேங்கறான்."

அங்கே அப்போது நடுநிசி தாண்டியிருக்கும். பிள்ளை தூங்கிக்கொண்டிருப்பான் என்பது மாமிக்குத் தெரியாததல்ல. ஆனால் பயம் கடிகாரம் பார்த்தா வருகிறது?

"மாமி, ரெண்டு விரலை வெச்சு அந்த இடத்தைப் பெரிசு பண்ணிப் பாருங்கோ" என்றேன்.

மாமி அப்படியே செய்தாள். ஒரு நிமிஷம் பேச்சில்லை. பிறகு, "இதென்னடி கூத்து! ஊர் வெளியே வந்துடுத்தே! வட்டம் இருந்த அளவிலேயே இருக்கு. பூமி மட்டும் விரிஞ்சுண்டே போறதே!" என்றாள்.

விஷயம் இதுதான். அந்த வட்டம் நோய் பரவிய பரப்பு அல்ல. வட்டத்துக்குள் இருப்பவர்களுக்கு நோய், வெளியே இருப்பவர்களுக்கு நோய் இல்லை என்று அர்த்தமே இல்லை. அது வெறும் எண்ணிக்கை. அந்தக் கவுண்டிக்குக் கிடைத்த ஒரே எண்ணை எங்கேயாவது எழுதியாக வேண்டுமே என்று, கவுண்டியின் நடுப்பாகத்தில் ஒரு புள்ளி குத்தி, எண்ணுக்குத் தகுந்தபடி அதை ஊத வைத்திருக்கிறார்கள். மாமி பார்த்து நடுங்கியது ஒரு மை ஊற்றிய அளவை!

மத்தியானம் பிள்ளை போன் செய்துவிட்டான். நன்றாகத் தூங்கினானாம். ஆனால் எனக்குள் ஒரு குறுகுறுப்பு தங்கிவிட்டது. இத்தனை கோடி ஜனங்களைத் தினமும் நடுங்கவும் நிம்மதி அடையவும் வைக்கிற இந்தப் படத்தை யார் செய்கிறார்கள், எப்படிச் செய்கிறார்கள் என்று தேடிப் படித்தேன்.

* * *

அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்தில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலை இருக்கிறது. அங்கே எஞ்சினீயரிங் பேராசிரியை லாரன் கார்ட்னர். தொற்று நோய்கள் ஊர்விட்டு ஊர் எப்படிப் பிரயாணம் செய்கின்றன என்பதைக் கணக்குப் போட்டுப் பார்ப்பது அவர் வேலை. அவரிடம் ஆராய்ச்சிப் பட்டத்துக்காகச் சேர்ந்த முதல் வருஷ மாணவர் என்ஷெங் டோங். சீன தேசத்துப் பிள்ளை. பெற்றோரும் உற்றாரும் அங்கே. வூஹானில் ஏதோ புது நோய் என்று செய்தி வர ஆரம்பித்த நாளிலிருந்து அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. நம் மாடி வீட்டு மாமியின் நிலைமைதான், திசை மட்டும் மாறி!

2020 ஜனவரி 21-ஆம் தேதி இருவரும் காப்பி குடித்தபடி பேசிக்கொண்டிருந்தார்கள். "இந்தக் கணக்கையெல்லாம் ஒரு தேசப்படத்தில் போட்டு, எல்லோரும் பார்க்கும்படி செய்தால் என்ன?" என்று பேச்சு வந்தது. அன்று இரவே டோங் உட்கார்ந்தார். மறுநாள் 22-ஆம் தேதி படம் உலகத்தின் கண்ணில் பட்டது. அன்றைய தேதிக்கு அதில் இருந்த மொத்தக் கணக்கு 550-ஐச் சற்றுத் தாண்டிய நோயாளிகள்தாம். நம் ஊர்க் கல்யாணம் ஒன்றில் சாப்பிட உட்காருகிற கூட்டம்!

ஒரே ராத்திரியில் எப்படி முடிந்தது என்றால், பாத்திரம் பண்டம் தயாராக இருந்தது. தேசப்படங்களைக் கம்ப்யூட்டரில் கையாளுவதற்கென்றே கலிபோர்னியாவில் எஸ்ரி என்று ஒரு கம்பெனி உண்டு. 1969-ல் ஜாக் டேஞ்சர்மாண்ட், அவர் மனைவி லாரா இருவரும் சேர்ந்து ஆரம்பித்தது. அவர்கள் செய்து வைத்திருந்த சாதனத்தில்தான் டோங் சமைத்தார். அடுப்பும் வாணலியும் ஆயத்தம், ஆனால் காய்கறி? அதுதான் கஷ்டம்.

சீனாவில் டாக்டர்களுக்காக நடத்தப்படும் ஒரு தளத்தையும், ஒவ்வோர் ஊர்ச் சுகாதார இலாகாவின் அறிக்கையையும், செய்திகளையும் படித்துப் படித்து, ஒவ்வோர் எண்ணையும் கையால் அட்டவணையில் ஏற்றினார் டோங். ஹோங்ரு டு என்ற இன்னொரு மாணவரும் கை கொடுத்தார். ராத்திரி பகல் கிடையாது. உலகம் முழுவதும் "கம்ப்யூட்டர் சொல்கிறது" என்று நம்பிப் பார்த்துக்கொண்டிருந்த அந்த எண்கள், ஆரம்பத்தில் தூக்கம் கெட்ட இரண்டு மூன்று பிள்ளைகள் விரலால் தட்டியவை. கணக்கு ஆயிரங்களைத் தாண்டிய பிறகுதான் யந்திரமே எடுத்துக்கொள்ளும்படி ஏற்பாடு செய்தார்கள். அப்போதும், ஏதாவது ஓர் எண் திடீரென்று அசாத்தியமாக ஏறினாலோ இறங்கினாலோ, மனிதர் ஒருவர் உட்கார்ந்து சரி பார்க்க வேண்டியிருந்தது.

சில வாரங்களுக்குள் அந்தப் படத்தை ஒரு நாளைக்கு 100 கோடி தடவைக்கு மேல் உலகம் கேட்டு வாங்கியது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். 2022-ல் கார்ட்னருக்கு லாஸ்கர் பரிசு கிடைத்தது. மருத்துவ உலகத்தில் அது லேசுப்பட்ட கௌரவம் அல்ல.

* * *

இந்த மாதிரிப் படத்துக்கு 'டாஷ்போர்டு' என்று பெயர். வேடிக்கையான பெயர். மேல் நாட்டில் குதிரை வண்டியில் வண்டிக்காரர் காலுக்கு முன்னால் ஒரு பலகை அடித்திருப்பார்கள். குதிரையின் குளம்பு வாரியடிக்கிற சேறு மேலே தெறிக்காமல் தடுப்பதற்கு. பிறகு மோட்டார் வந்தது, குதிரை போயிற்று, பலகை மட்டும் தங்கி, அதில் வேகம் காட்டும் முள்ளும் பெட்ரோல் காட்டும் முள்ளும் ஏறிக்கொண்டன. இப்போது மோட்டாரும் இல்லாமல் பெயர் மட்டும் கம்ப்யூட்டருக்கு வந்துவிட்டது. ஒரே பார்வையில் எல்லா முள்ளையும் பார்ப்பது என்பதுதான் இதன் தாத்பரியம்.

உள்ளே என்ன இருக்கிறது? பள்ளிக்கூடத்தில் ஆணியில் மாட்டிச் சுருட்டி வைத்த தேசப்படம் ஒன்று உண்டே, அது ஒரே காகிதம். இது அப்படி அல்ல. அடியில் நிலமும் கடலும் சாலையும் உள்ள படம். இது சின்னச் சின்னச் சதுர ஓடுகளாக வெட்டப்பட்டிருக்கும். உலகம் முழுவதையும் தூரத்திலிருந்து பார்க்க ஒரே ஓடு போதும். ஒரு படி நெருங்கினால் நாலு ஓடு. இன்னொரு படி நெருங்கினால் பதினாறு. இப்படியே பத்துப் படி போனால் பத்து லட்சத்துக்கு மேல் ஆகிவிடும்! ஆனால் நீங்கள் மயிலாப்பூரைப் பார்க்கும்போது மயிலாப்பூர் ஓடுகள் மட்டுமே உங்கள் வீட்டுக்கு வரும். ஒரு வேளைச் சமையலுக்கு மளிகைக் கடையையே தூக்கி வருவோமா? அந்தக் கெட்டிக்காரத்தனம்தான்.

அந்த ஓடுகளின் மேல் கண்ணாடித் தாள் விரித்தது போல இன்னோர் அடுக்கு. வட்டங்கள் அதில்தான் இருக்கும். அவற்றுக்குப் பின்னால் ஓர் அட்டவணை. வரிக்கு ஓர் ஊர். அதன் அட்சரேகை, தீர்க்கரேகை. பிறகு தேதிக்கு ஒரு கட்டமாக எண்கள். நம் வீட்டில் பால் கணக்கு எழுதுகிற காலண்டருக்கும் இதற்கும் அதிக வித்தியாசம் இல்லை. அட்சரேகையும் தீர்க்கரேகையும் இருப்பதால் எந்த வரியை எங்கே ஒட்டுவது என்று யந்திரத்துக்குத் தெரிகிறது.

இனிமேல்தான் உயிர் வருகிறது. படத்துக்குப் பக்கத்தில் ஊர்களின் ஜாபிதா, கீழே நாளுக்கு நாள் ஏறுகிற கோடு, மேலே மொத்தக் கணக்கு. இவை நாலும் ஒரே அட்டவணையிலிருந்து சாப்பிடுகின்றன. ஜாபிதாவில் இத்தாலியைத் தொட்டால், "இத்தாலி வரிகளை மட்டும் எடு" என்று எல்லாவற்றுக்கும் ஒரே சமயத்தில் உத்தரவு போகிறது. படம் இத்தாலிக்கு ஓடுகிறது, கோடு இத்தாலியின் கோடாகிறது, மொத்தம் மாறுகிறது. கூட்டுக் குடும்பத்தில் பாட்டி ஒரு வார்த்தை சொன்னால் நாலு மருமகள்களும் நாலு பக்கம் காரியம் பார்க்கிற மாதிரி! தொட்டால் பதில் சொல்வதன் ரகசியம் இவ்வளவுதான்.

இதெல்லாம் பெரிய சர்வகலாசாலைக்குத்தான் சாத்தியம் என்று நினைக்க வேண்டாம். தெருத் தெருவாக ஜனங்களே வரைந்து சேர்த்த உலகப் படம் ஒன்று, ஓபன் ஸ்ட்ரீட் மேப் என்று, 2004-ல் இங்கிலாந்தில் ஆரம்பித்தது. காலணாக் கட்டணம் கிடையாது. அதன் மேல் வட்டமும் புள்ளியும் வைக்க லீஃப்லெட் என்ற சாதனம், உக்ரேனிய இளைஞர் ஒருவர் செய்து 2011-ல் வெளியிட்டார். அதுவும் தர்மம். காலேஜில் கம்ப்யூட்டர் படிக்கிற உங்கள் பெண்ணிடம் ஓர் அட்டவணையைக் கொடுங்கள். ஒரு விடுமுறை நாளுக்குள் சுமாராக ஒன்று செய்து காட்டிவிடுவாள். சுமாராக என்று ஏன் சொன்னேன் என்றால், செய்வது சுலபம்; ஏமாற்றாமல் செய்வதுதான் சிரமம்.

* * *

வட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்களேன். ஒரு சாண் அகலத் தோசைக்கு ஒரு கரண்டி மாவு. இரண்டு சாண் அகலத்தில் வார்க்க எத்தனை கரண்டி? இரண்டு போதாது, நாலு வேண்டும். அடுப்படியில் நிற்கிற நமக்கு இது கைப்பழக்கம். ஆனால் தேசப்படம் செய்கிறவர் இதை மறந்து, நோயாளிகள் இரண்டு மடங்கானால் வட்டத்தின் அகலத்தை இரண்டு மடங்காக்கி விட்டார் என்றால், பார்க்கிற கண்ணுக்கு நாலு மடங்கு சிவப்பு! எண் பொய் சொல்லவில்லை. தோசை பொய் சொல்லிவிட்டது.

இன்னொன்று ஜனத்தொகை. ஒரு கோடிப் பேர் உள்ள பட்டணத்தில் ஆயிரம் பேருக்கு நோய். பதினாயிரம் பேர் உள்ள சிற்றூரில் நூறு பேருக்கு நோய். படத்தில் பட்டணம் பூசணிக்காயாகவும் சிற்றூர் மிளகாகவும் தெரியும். நிஜத்தில் சிற்றூரில் நூற்றுக்கு ஒருவர். பட்டணத்தில் பதினாயிரத்துக்கு ஒருவர். எங்கே பயம் அதிகம்? பால்டிமோர்ப் படத்தில் ஆரம்பத்தில் நிறைந்திருந்தது பூசணிக்காய்க் கணக்குத்தான். கறுப்பின் மேல் சிவப்பு என்ற அலங்காரமும் தேவைக்கு மேல் கிலி ஊட்டுகிறது என்று தேசப்படக் கலைஞர்கள் சிலர் அப்போதே ஆட்சேபித்தார்கள். எனக்கும் அது சரியென்றே படுகிறது. அதே எண்ணை நீலத்தில் போட்டிருந்தால் மாமிக்கு அன்று நெஞ்சு படபடத்திருக்காது.

புள்ளியை எங்கே குத்துவது என்பது அடுத்த தலைவலி. இந்தியாவின் முதல் கோவிட் நோயாளி 2020 ஜனவரி 30-ஆம் தேதி கேரளத்தில், திருச்சூரில் தெரிய வந்தார். வூஹானிலிருந்து திரும்பிய மருத்துவ மாணவி. ஆனால் அந்தப் படத்தில் அப்போது இந்தியா முழுவதற்கும் ஒரே புள்ளிதான். அதைத் தேசத்தின் நடுவில் வைத்தார்கள். நடு எங்கே? விதர்ப்பத்தில்! நோய் திருச்சூர்ப் பெண்ணுக்கு. புள்ளியோ நாகபுரிப் பக்கத்துப் பருத்தி வயலில். அந்தப் பக்கத்தவர் யாராவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருந்தால் என்ன பாடு பட்டிருப்பார்களோ!

ஊர் ஊராக, ஜில்லா ஜில்லாவாகப் பார்க்க வேண்டும் என்ற ஆசையில் நம் தேசத்து இளைஞர்களும் யுவதிகளும் சம்பளமில்லாமல் கூடி 2020 மார்ச்சில் ஒரு டாஷ்போர்டு ஆரம்பித்தார்கள். கோவிட்19இந்தியா என்று பெயர். ஒவ்வொரு ராஜ்யமும் மாலையில் வெளியிடுகிற அறிக்கையைப் பார்த்து எண்களை ஏற்றி, 2021 அக்டோபர் 31 வரை நடத்தி, சொல்லிவிட்டு நிறுத்தினார்கள். அதில் தமிழ்நாட்டைத் தொட்டால் நம் ஜில்லாக்கள் விரியும். எத்தனை வீடுகளில் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் அதைத் தொட்டுப் பார்த்திருப்போம்!

அதிலும் சங்கடங்கள் இருந்தன. தமிழ்நாட்டு அறிக்கையில் ஜில்லாக்களின் பெயர்களுக்குக் கீழே இன்னும் சில வரிகள் உண்டு: விமான நிலையத்தில் கண்டுபிடிக்கப்பட்டவர்கள், ரயில் நிலையத்தில் கண்டுபிடிக்கப்பட்டவர்கள். இவர்களை எந்த ஜில்லாவில் ஒட்டுவது? இறங்கிய ஊரிலா, போகிற ஊரிலா? படத்தில் அவர்களுக்கு இடமே இல்லை. பட்டியலில் மட்டும்தான் இருந்தார்கள். ஆகவே ஜில்லா வட்டங்களையெல்லாம் ஒருவர் பொறுமையாகக் கூட்டிப் பார்த்தால் ராஜ்யத்தின் மொத்தம் வராது. இதற்கு நடுவில் 2020 டிசம்பரில் நாகப்பட்டினத்திலிருந்து பிரிந்து மயிலாடுதுறை தனி ஜில்லாவாயிற்று. பழைய எண்ணைப் புது எல்லையில் போட்டால் நாகைக்கு வீண் பழி. பழைய எல்லையையே வைத்துக்கொண்டால் மாயவரத்துக்காரர்கள் தங்கள் ஜில்லாவைக் காணோமே என்று தேடுவார்கள். பாகப் பிரிவினையான குடும்பத்தில் பழைய கடனை யார் தலையில் எழுதுவது என்கிற மாதிரியான வழக்கு!

* * *

நோயைத் தேசப்படத்தில் வைத்துக் கேள்வி கேட்பது இன்று நேற்று வந்ததல்ல. 1854-ல் லண்டனில் சோஹோ என்ற பேட்டையில் காலரா வந்தது. பத்து நாளில் ஐந்நூறு பேருக்கு மேல் மாண்டார்கள். கெட்ட காற்றினால் காலரா வருகிறது என்று பெரிய பெரிய வைத்தியர்களே நம்பிய காலம். ஜான் ஸ்னோ என்ற டாக்டர் ஒருவர் மட்டும் தண்ணீரைச் சந்தேகித்தார். மயக்க மருந்து கொடுப்பதில் நிபுணர். அதற்கு முந்தைய வருஷம் விக்டோரியா மகாராணிக்குப் பிரசவ சமயத்தில் குளோரோபாரம் கொடுத்தவரும் அவரே.

ஸ்னோ அந்தப் பேட்டையின் படத்தில், சாவு நடந்த ஒவ்வொரு வீட்டு வாசலிலும் சாவுக்கு ஒன்றாகச் சின்னக் கறுப்புக் கோடு போட்டார். கோடுகள் அடுக்கடுக்காகப் பிராட் தெருவில் இருந்த ஒரு தண்ணீர்ப் பம்பைச் சுற்றி மொய்த்தன. படம் அவ்வளவுதான் சொல்லும். அதைத் தொட்டால் விரலில் மைதான் ஒட்டும்! மேற்கொண்டு பதில் வேண்டுமானால் கதவைத் தட்ட வேண்டியதுதான். ஸ்னோ தட்டினார்.

பம்புக்குப் பக்கத்தில் 535 பேர் வசித்த ஏழைகள் விடுதி ஒன்று. அதில் இறந்தவர் ஐந்தே பேர். ஏன்? உள்ளே அவர்களுக்குச் சொந்தக் கிணறு. அதே தெருவில் மது காய்ச்சும் தொழிற்சாலை. எழுபது பேருக்கு மேல் வேலை பார்த்தும் ஒருவரும் சாகவில்லை. அவர்கள் தண்ணீரையே தொடுவதில்லையாம்! இவை படத்தில் வெறும் வெற்றிடம். வெற்றிடத்துக்கும் காரணம் கேட்டாரே, அங்கேதான் அவர் கெட்டிக்காரர்.

எல்லாவற்றிலும் விசித்திரம் ஹாம்ப்ஸ்டெட் என்ற இடத்தில் இருந்த ஒரு விதவை அம்மாள். சோஹோவிலிருந்து எத்தனையோ தூரம். அங்கே காலராவே கிடையாது. ஆனால் அந்த அம்மாள் இறந்துபோனாள். ஸ்னோ விசாரித்தார். முன்பு பிராட் தெருவில் குடியிருந்தவளாம். அந்தப் பம்புத் தண்ணீரின் ருசி நாக்கை விட்டுப் போகவில்லையாம். தாயாரின் ஆசைக்காகப் பிள்ளைகள் தினமும் வண்டியில் அந்தத் தண்ணீரை அனுப்பினார்கள். பார்க்க வந்த மருமாள் முறைப் பெண்ணும் குடித்தாள். அவளும் தன் ஊர் போய் இறந்தாள். இந்த இரண்டு சாவும் சோஹோ படத்தின் விளிம்புக்கு வெளியே. இவைதாம் ஸ்னோவுக்கு அசைக்க முடியாத சாட்சி ஆயின.

செப்டம்பர் 8-ஆம் தேதி பம்பின் கைப்பிடியைக் கழற்றினார்கள். அதற்குள் காலராவும் பெரும்பாலும் தணிந்திருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஹென்றி வைட்ஹெட் என்ற அந்தப் பேட்டைப் பாதிரியார் ஸ்னோ சொல்வதை நம்பவில்லை; தவறு என்று காட்டவே வீடு வீடாக ஏறி இறங்கினார். கடைசியில் பம்புக்கு எதிரே இருந்த வீட்டில் ஒரு தாய் சொன்னாள்: குழந்தைக்கு வயிற்றுப்போக்கு, துணிகளை அலசிய தண்ணீரை வீட்டு முன்பக்கத்துச் சாக்கடைக் குழியில் கொட்டினேன் என்று. தோண்டிப் பார்த்தால் அந்தக் குழிக்கும் கிணற்றுக்கும் நடுவே சில அடிதான், செங்கல் சிதைந்திருந்தது. அந்தக் குழந்தையும் அவள் கணவரும் பட்டியலில் இரண்டு கோடுகள். அதுவரை அவளை யாரும் இப்படிக் கேட்டதில்லை.

ஸ்னோவைப் போல வீட்டு வாசலில் கோடு போடுகிற துணிச்சல் இன்று நமக்குக் கூடாது. 2020-ல் நோய் கண்ட வீடுகளின் வாசலில் நோட்டீஸ் ஒட்டிப் போனார்களே, அந்த வீட்டுப் பெண்கள் எப்படித் தலை குனிந்தார்கள் என்று பார்த்தோம். அந்த டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டே, தகுந்த அதிகாரியின் உத்தரவு இல்லாமல் அப்படி ஒட்டக்கூடாது என்று சொல்லிவிட்டது. ஆகவேதான் டாஷ்போர்டு செய்கிறவர்கள் வீட்டைக் காட்டாமல் ஜில்லாவாகத் திரட்டுகிறார்கள். திரட்டினால் மானம் பிழைக்கிறது. புள்ளி பருத்தி வயலுக்குப் போகிறது. இரண்டும் வேண்டும் என்றால் நடக்காது.

தொட்டுக் கேட்பது மட்டுமல்ல, தொட்டுச் சொல்லவும் முடியும். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மிதந்தபோது, நான் மேலே சொன்ன ஓபன் ஸ்ட்ரீட் மேப்பை வைத்து ஒரு படம் செய்தார்கள். உங்கள் தெருவில் தண்ணீர் நிற்கிறதா? படத்தில் அந்தத் தெருவைத் தொடுங்கள்; நிறம் மாறிவிடும். மற்றவர்கள் அந்தப் பக்கம் போகாமல் தப்பிக்கலாம். எண்ணுகிறவர், எழுதுகிறவர், பார்க்கிறவர் எல்லாம் நாமே.

பால்டிமோர்ப் படம் 2023 மார்ச் 10-ஆம் தேதி நின்றது. தேசங்கள் தினமும் கணக்குக் கொடுப்பதை நிறுத்திக்கொண்டன. ஜனங்கள் வீட்டிலேயே பரீட்சை செய்துகொள்ள ஆரம்பித்தார்கள். அதெல்லாம் எந்த அறிக்கையிலும் வருவதில்லை. வருகிற எண்ணே அரைகுறை என்றால் படம் எதற்கு என்று கௌரவமாக ஒதுங்கிவிட்டார்கள். கடைசி நாள் கணக்கு 67 கோடியே 66 லட்சம் நோயாளிகள். 68 லட்சத்து 81 ஆயிரம் மரணங்கள். அறிக்கையில் ஏறியவை மட்டும்.

அந்த வருஷம் டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து சென்னை மறுபடியும் முழுகியது. கரண்ட் வந்ததும் யாரோ போனில் ஒரு தேசப்படம் அனுப்பினார்கள். நம் பேட்டையில் எங்கெங்கே தண்ணீர் என்று புள்ளி புள்ளியாகக் காட்டியிருந்தது. எடிசன் பிள்ளை அங்கிருந்து தவித்துப்போய், "அம்மா, உங்க தெருவிலே புள்ளி இருக்கே! எத்தனை அடி தண்ணி?" என்று கூப்பிட்டான்.

மாமி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, இரண்டு விரலால் படத்தைப் பெரிசு பண்ணினாள்.

"புள்ளி கிடக்கட்டும்டா. அதை எத்தனை மணிக்கு வெச்சான், யார் வந்து பார்த்துட்டு வெச்சான்னு கேளு" என்றாள். பிறகு ஜன்னலைத் திறந்து தெருவை எட்டிப் பார்த்தாள். "இங்கே கணுக்கால் அளவுதான் இருக்கு. பால்காரன் வந்துட்டுப் போயிட்டான். நீ தூங்கு."